கழற்றப்பட்ட வீடுகள்

கொழும்புத் தேசிய நூதனசாலையின் வெள்ளைக் கட்டடத்தை எழுப்பியவர் ஒரு சோனகர் என்பது எம்மவரிற் பலர் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. கட்டட ஒப்பந்தகாரரான அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார் கட்டி முடித்த அந்த மாளிகை, தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877 ஜனவரி முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இதனை மூடிவைத்தாற் போதும் என்று மரிக்கார் சொன்னதாக ஒரு கதை இன்றும் வழங்கி வருகிறது. வெள்ளிக்கிழமைகளில் அக்கட்டடம் நெடுங்காலம் மூடப்பட்டே இருந்தது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது நாம் கேட்க மறந்துவிடுகின்ற ஒரு கேள்வி உண்டு. சுவர்களைக் கட்டியவர் எம்மவர். அச்சுவர்களுக்குள் வைப்பதற்கு எமது வீடுகளிலிருந்து என்ன போயிற்று?

சென்னைக்கு அண்மையிலுள்ள தக்ஷிணசித்ராவில் ஒரு பகல் முழுவதையும் கழித்த பின்னர்தான் இக்கேள்வி எனக்குக் கூர்மையாகத் தோன்றியது. அங்கு கண்டவற்றையும், அவற்றைக் கண்டபோது எமது கிழக்கையும் வடக்கையும் பற்றி எழுந்த எண்ணங்களையும் இங்கு பதிவுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து, அடியில் ஓர் அட்டையை எழுதி ஒட்டுவது நூதனசாலையின் பழைய முறை. வீட்டையே கொண்டுவந்து வைத்து, அந்த வீட்டின் தொழிலை அங்கேயே ஒருவரைக்கொண்டு செய்துகாட்டச் செய்வது இன்னொரு முறை. இந்த இரண்டாவது முறைக்கு உலகில் வழிகாட்டியாக அமைந்தது சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரிலுள்ள ஸ்கான்சன் திறந்தவெளி நூதனசாலை. ஆர்ட்டூர் ஹஸேலியுஸ் (1833 - 1901) என்பவர் அதனை 1891 ஒக்டோபர் 11ஆம் திகதி திறந்துவைத்தார். 1872இல் டாலர்னா என்னும் மாகாணத்தில் பிரயாணம் செய்தபோது, கிராமத்து மக்களின் பாரம்பரிய உடைகளும் பாவனைப் பொருட்களும் கண்முன்னே மறைந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். ஆலைத் துணி வந்தது, புகையிரதம் வந்தது, இளைஞர்கள் நகரங்களுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். முதலில் உடைகளைச் சேர்த்தார். பின்னர் தளபாடங்களைச் சேர்த்தார். ஈற்றில் வீடுகளையே கழற்றிக் கொண்டுவந்து ஒரு குன்றின்மீது மீண்டும் பூட்டி நிறுத்தினார். இன்று ஸ்கான்சனில் ஏறத்தாழ 150 கட்டடங்கள் உள்ளன. அங்கு கண்ணாடி ஊதுகிறார்கள், மட்பாண்டம் வனைகிறார்கள், பழைய அடுப்பில் பாண் சுடுகிறார்கள்.

இவ்வகை நூதனசாலை எப்போது பிறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வாழ்க்கைமுறை செழித்திருக்கும்போது அதற்கு எவரும் நூதனசாலை கட்டுவதில்லை. அது போய்விடப்போகிறது என்று யாரோ ஒருவர் உணரும்போதுதான் அது பிறக்கிறது. ஆகவே அது ஒருவகையில் ஜனாஸாவைக் குளிப்பாட்டுவது போன்ற கடமை. ஊரில் ஒருவராவது செய்தாக வேண்டும்; எவரும் செய்யாவிட்டால் குற்றம் எல்லோர்மீதும் விழும்.

தக்ஷிணசித்ராவின் பிறப்பும் அத்தகையதே. அமெரிக்காவிற் பிறந்து தமிழ்நாட்டுக்கு மருமகளாக வந்த டெபோரா தியாகராஜன் என்னும் கலை வரலாற்றாளரின் முயற்சியால் 1984இல் மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பு உருவாயிற்று. தென்னிந்தியக் கிராமங்களிலும் செட்டிநாட்டிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, தூண் வேறாக, கதவு வேறாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், 10 ஏக்கர் நிலத்தில் அந்த வீடுகளிற் சில மீண்டும் எழுப்பப்பட்டன. இங்கிலாந்திற் பிறந்து கேரளத்தையே தன் ஊராக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லோரி பேக்கர் (1917 - 2007) அதன் அமைப்பை வகுத்துக் கொடுத்தார். பென்னி குரியாக்கோஸ் அதனைச் செயற்படுத்தினார். 1996 டிசம்பரில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு பகுதிகளாக அது அமைந்துள்ளது. ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் உப்பங்கழி. சில கிலோமீற்றர் தெற்கே போனால் கோவளத்தில் தமீமுல் அன்சாரி தர்ஹா.

தமிழ்நாட்டுப் பகுதியில் செட்டிநாட்டு வணிகர் வீடு முதலிற் கண்ணைக் கவர்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திச் சேர்த்த செல்வம்தான் அத்தகைய வீடுகளாக எழுந்தது. பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களைத் தொட்டுப் பார்த்தபோது, கொழும்புச் செட்டியார் தெருவில் எமது சிறு வியாபாரிகள் வாங்கிய கடனுக்குக் கட்டிய வட்டியிலும் ஒரு துண்டு இப்படியொரு தூணில் இருக்குமோ என்ற எண்ணம் ஓடியது. அதற்கப்பால் தஞ்சாவூர் விவசாயியின் வீடு, திருநெல்வேலி அக்கிரகாரத்து வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, குயவர் வீடு, கூடை முடைபவர் வீடு. கேரளப் பகுதியில் கோட்டயத்தைச் சேர்ந்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் மரவீடு. அங்கு வாசலுக்கு நேரே நிற்பது நெற்களஞ்சியம். ஆந்திரப் பகுதியில் விசாகப்பட்டினக் கரையோரத்து வட்ட வடிவ மண்வீடு. அதன் கூரை ஏறத்தாழ நிலத்தைத் தொடுமளவு தாழ்ந்து இறங்குகிறது. சூறாவளிக் காற்று பிடித்துத் தூக்குவதற்கு மூலையோ விளிம்போ இல்லாமற் கட்டிய அறிவு அது. 1978 நவம்பர் சூறாவளியில் மட்டக்களப்பும் அம்பாறையும் கூரையிழந்து நின்றதைக் கண்ட எம்போன்றவர்களுக்கு அந்த வீட்டின் முன்னால் நிற்கையில் கொஞ்சம் பொறாமை வராமற் போகாது.

குயவர் சக்கரத்தைச் சுற்றிப் பாடசாலைப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவராகக் களிமண்ணிற் கைவைத்து, அகல்விளக்குப்போல் ஏதோ ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்ததும் அருகிற் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

“ஐயா, ஊரிலயும் இந்த வேலைதானா?”

“ஊர்ல சக்கரம் சுத்துனா யாரு சார் பாக்குறா? இங்க பாக்குறாங்க, போட்டோ எடுக்குறாங்க. வாங்குறவங்கதான் கம்மி.”

“பிள்ளைகள் பழகியிருக்கிறார்களா?”

“ஒருத்தன் கம்பெனிக்குப் போறான். நான்தான் போடான்னு சொன்னேன்.” கையிலிருந்த களிமண்ணை வழித்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். “நீங்க சிலோனா சார்? பேச்சு அப்படி இருக்கு.”

அவர் மகனை அனுப்பியதில் பிழை எதுவும் இல்லை. கைப்பணியின் அழகைப் பற்றி உரையாற்றுபவர்கள் பெரும்பாலும் அந்தப் பணியால் வயிறு கழுவ வேண்டியவர்கள் அல்லர். சக்கரம் சுழல்கிறது, பானை எழுகிறது, பார்ப்பவர் கைதட்டுகிறார். ஆனால் பானைக்கு உலையும் அடுப்பும் இல்லாத இடத்தில் அவர் செய்வது பானையை அல்ல, பானை செய்வதைத்தான். அங்கு விலைபோவது பொருள் அல்ல, வேலை. உழைப்பாளி ஒருவர் தன் உழைப்பின் நடிகராக மாறவேண்டியிருக்கிறது. அதிலும் ஒரு நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சம்பளமாவது இல்லாவிட்டால் அக்கை களிமண்ணைத் தொட்டே இராது. பிள்ளைகளும் பானை என்பது கடையில் முளைக்கும் பொருள் என்றே நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் எனக்கு உறுத்திற்று. அக்கிரகாரத்து வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்கும், அங்கிருந்து கூடை முடைபவர் வீட்டுக்கும் நடந்து போகச் சில நிமிடங்கள்தான். ஊரில் அந்தத் தூரத்தை நடந்து கடக்க எத்தனை தலைமுறை ஆயிற்று, எத்தனை பேர் இன்னும் கடக்கவில்லை என்பதை ஓட்டு வீடும் ஓலை வீடும் அருகருகே நிற்கின்ற அந்த அழகிய பாதை சொல்லாது. வீட்டைக் கழற்றிக் கொண்டுவரலாம். வீடுகளுக்கிடையே இருந்த இடைவெளியைக் கழற்றிக் கொண்டுவர முடியாது. உலகெங்கும் இத்தகைய திறந்தவெளி நூதனசாலைகள்மீது ஆய்வாளர்கள் வைக்கும் விமர்சனமும் இதுவே. சண்டையில்லாத, பசியில்லாத, எப்போதும் வெயிலடிக்கின்ற ஒரு கிராமத்தை அவை உருவாக்கிவிடுகின்றன என்பார்கள்.

கர்நாடகப் பகுதியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அங்கு சிக்மகளூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு முஸ்லிம் வீடு இருக்கிறது. சிக்மகளூர் கோப்பி விளையும் மலைநாடு. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் பெரியார் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்புகையில் யெமன் தேசத்திலிருந்து கோப்பி விதைகளைக் கொண்டுவந்து விதைத்தது அம்மலையில்தான் என்று மரபு கூறும். இன்று தென்னிந்தியா முழுவதும் காலையிற் குடிக்கும் கோப்பிக்குப் பின்னால் ஒரு ஹாஜியாரின் மடியில் முடிந்த விதைகள் இருக்கின்றன என்ற அந்தக் கதையை நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அந்த வீட்டில் எனக்குப் புதுமையாகப் பட்டது, அது அக்கம்பக்கத்து வீடுகளைவிட வேறொரு கிரகத்திலிருந்து வந்ததாகத் தோன்றாததுதான். மழைக்கும் வெயிலுக்கும் அந்த நாட்டு மரத்துக்கும் ஏற்பவே அவர்களும் வீடு கட்டினார்கள். முஸ்லிம்கள் எங்கிருந்தோ வந்து தங்கியவர்கள் என்ற பேச்சுக்கு ஒரு கூரையைவிடத் தெளிவான மறுமொழி எதுவும் இல்லை.

ஆனால் தமிழ்நாட்டுப் பகுதியில் ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டை நான் காணவில்லை. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இருந்து ஒரு வீடு வந்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போய்வருவதற்கென வீடுகளுக்கிடையே முடுக்குகள் உண்டு. அவை எமது இலக்கியக்காரர்கள் பலர் அறிந்தவை. எமது கொழும்பு, பேருவளை, காலி, கற்பிட்டிக் குடும்பங்கள் பலவற்றின் வேர்கள் அந்த ஊர்களில் உள்ளன. இதனை அந்த நிறுவனத்தின் குறையாக நான் சொல்ல வரவில்லை. 10 ஏக்கருக்குள் எல்லா ஊரையும் அடக்க முடியாது. தவிரவும், தமது வீட்டைத் தாமே தேடிக் கொடுக்காதவர்களுக்கு மற்றவரைக் குறைகூற என்ன உரிமை இருக்கிறது?

கைப்பணியும் அப்படித்தான். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் தாமிரவருணிக் கரையின் கோரைப்புல்லைக் கொண்டு பட்டுப்போன்ற பாய் நெய்கிறவர்கள் லெப்பை முஸ்லிம் குடும்பத்தினர். சுருட்டினால் கைக்குள் அடங்கும் அளவு மெல்லிய பாய்கள் அவை. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தமடைப் பாய் என்றால் ஊர் தெரிகிறது, புல் தெரிகிறது. நெய்த கை யாருடையது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பாய் என்றதும் எனக்குக் கிழக்கிலங்கைதான் நினைவுக்கு வரும். எனது மூத்தம்மா பன்பாய் இழைப்பவர். நாம் ‘நெய்தல்’ என்று சொல்வதில்லை, ‘இழைத்தல்’ என்போம். நீர்நிலைகளின் ஓரத்தில் வளரும் பன்னை வெட்டி, வெயிலிற் காயவைத்து, சாயமிட்டு, தறியின்றி, வெறுங்கையால், தரையிலமர்ந்து இழைப்பது அது. தறிக்கு முன்னால் இருப்பவருக்குத் தறிச்சட்டம் துணை. பாய் இழைப்பவருக்கு நினைவு ஒன்றே துணை. எத்தனை இழைக்குப் பிறகு எந்த நிறம் என்பதை அவர் எழுதி வைத்திருந்ததில்லை. தொழுகைக்கு ஒரு பாய், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பாய், மாப்பிள்ளை வந்து இருப்பதற்கு ஒரு பாய், மையித்தைக் கிடத்த ஒரு பாய் என்று மனிதனின் எல்லாக் கட்டத்துக்கும் எம்மிடம் பாய் இருந்தது. இப்போது பிளாஸ்ரிக் பாய் வந்துவிட்டது. பன் வளர்ந்த சதுப்பு நிலங்கள் பல மண்ணிட்டு நிரப்பப்பட்டு வளவுகளாகிவிட்டன. பாய் இழைத்த கைகளுக்குரியவர்களின் மகள்மார் எண்பதுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறந்தார்கள்.

மருதமுனையின் கதை இதைவிட வரலாற்றுத் தெளிவுள்ளது. அது நெசவாளர் ஊர். எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது உள்நாட்டுத் துணிக்கு மதிப்பிருந்தது; வீட்டுக்கு வீடு தறி ஒலித்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் மலிவான இறக்குமதித் துணி சந்தையை நிரப்பிற்று. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பின்னர் யுத்தம் வந்தது. நூலும் சாயமும் கொண்டுவருவதே பெரும்பாடாயிற்று. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. கரையோரத்துத் தறிகளைச் சுனாமி கொண்டுபோன பின்னரும் அவ்வூரில் நெசவு அடியோடு அழிந்துவிடவில்லை என்பது, அந்த மக்களின் பிடிவாதத்துக்குச் சான்று. மருதமுனைச் சாரனும் சாரியும் இன்றும் பெயர் பெற்றவையே. தக்ஷிணசித்ராவில் காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டின் முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பாவு, ஊடை, நாடா, அச்சு என்று அங்கு பலகையில் எழுதி விளக்க வேண்டியிருக்கிற சொற்கள் மருதமுனையில் இன்னும் வாய்ப்பேச்சில் உயிரோடு இருக்கின்றன. உயிரோடு இருக்கும்போதே அவற்றை எழுதிவைப்பவர் எத்தனை பேர்?

இவ்விடத்தில் ஆனந்த குமாரசுவாமியைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கொழும்பில் 1877இல், அதாவது நூதனசாலை திறக்கப்பட்ட அதே ஆண்டில், பிறந்தவர் அவர். 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவரது பெருநூல் இந்நாட்டுக் கைவினைஞரின் கருவிகளையும் முறைகளையும் ஒவ்வொன்றாக வரைந்து விவரிக்கின்றது. ஒரு மனிதர் ஊரூராகப் போய்க் கேட்டு எழுதியதனாற்றான் கண்டி நாட்டுக் கைப்பணி பற்றி இன்று பேச முடிகிறது. சோனகரின் கைப்பணிகளுக்கு அத்தகைய ஒரு நூல் அமையவில்லை. வில்லினாற் சுழலும் சக்கரத்தில் மாணிக்கத்துக்குப் பட்டை தீட்டிய எமது முன்னோரின் கைத்திறன், கண்டி இராச்சியத்தில் தவளம் என்னும் பொதிமாட்டு வரிசைகளை மலைப்பாதைகளில் நடத்திய எம்மவரின் பொதிகட்டும் வித்தை, வைத்தியக் குடும்பங்களின் மருந்திடிக்கும் முறை, ஓதற்பள்ளியில் மரப்பலகையில் எழுதிப் பழக்கிய லெப்பைமாரின் மை கூட்டும் பக்குவம் என்பனவெல்லாம் ஆய்வுநூல்களில் ஆங்காங்கே ஒரு வரியாகக் கிடக்கின்றன. லோர்ணா தேவராஜா 1994இல் எழுதிய இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூல் தவளத்தையும் வைத்தியர்களையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் பொதி எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டு எழுத இனி ஆளில்லை.

வீட்டைக் கழற்றுவது பற்றி இன்னொரு வரலாறும் எமக்கு உண்டு. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் சோனகத்தெரு மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணிநேரத்துக்குள் வெளியேறும்படி கட்டளையிடப்பட்டார்கள். உடுத்த உடையோடும் சிறுதொகைப் பணத்தோடும் அவர்கள் புத்தளத்தையும் கற்பிட்டியையும் நோக்கி வந்து ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். அவர்கள் விட்டுவந்த வீடுகளின் ஓடு, நிலை, கதவு, யன்னல், வளை என்பன காலப்போக்கில் கழற்றிக் கொண்டுபோகப்பட்டன. யுத்தம் 2009இல் முடிந்த பின்னர் திரும்பிப் போனவர்கள் கண்டவை மரம் முளைத்த சுவர்களே.

தக்ஷிணசித்ராவில் ஒரு வீட்டைக் கழற்றும்போது தூணுக்கும் வளைக்கும் அடையாளமிட்டு, எது எங்கே இருந்தது என்று குறித்து, மீண்டும் அதேபோலப் பூட்டுகிறார்கள். சோனகத்தெருவிலும் வீடுகள் கழற்றப்பட்டன. வளை அதே வளைதான். கதவு அதே கதவுதான். வேறுபாடு என்னவெனில், அங்கே வீட்டுக்காரனின் பெயர் நிலைப்பதற்காகக் கழற்றினார்கள். இங்கே அவன் இருந்த சுவடே நிலைக்காதபடி கழற்றப்பட்டது. சோனகத்தெருவின் தையற்காரர்களும் இரும்பு வியாபாரிகளும் தமது தொழிற்கருவிகளை எடுத்துவர அனுமதிக்கப்படவில்லை. ஒரு தையற்காரனிடமிருந்து கத்திரிக்கோலைப் பறிப்பதும் ஒரு நூலகத்தை எரிப்பதும் ஒரே இனத்துக் குற்றங்கள் என்றே நான் கருதுகிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது கண்ணீர் விட்ட தமிழுலகம், 1990ஐயும் அதே கண்ணால் பார்க்கும் நாள் வந்தால் அது எமது மொழிக்கே பெருமை.

மரபுரிமையைக் காப்பதில் நாம் எதுவும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. காத்தான்குடியில் 2015இல் முஸ்லிம்களின் மரபுரிமைகளுக்கென ஒரு பூர்வீக நூதனசாலை திறக்கப்பட்டது. எமது வரலாற்றுக் காட்சிகளை உருவச்சிலைகளாகவும், வீட்டுப் பாவனைப் பொருட்களை வரிசையாகவும் அங்கு காணலாம். அது வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் சிலைக்கு விரல் அசையாது. தறியில் அமர்த்தப்பட்ட சிலை நாடாவை எறியாது. பொருளைச் சேர்க்கும் வேலை நடந்திருக்கிறது. செயலைச் சேர்க்கும் வேலை இன்னும் தொடங்கவில்லை.

அப்படித் தொடங்கும்போது சில கேள்விகளை நாம் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியிருக்கும். முதலாவது, எந்த வீடு? தக்ஷிணசித்ராவில் வீடுகளுக்குப் பெயர் வணிகர் வீடு, நெசவாளர் வீடு என்று தொழிலால் வருகிறது. அத்தொழில்களை ஆணின் தொழிலாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பக்கத்து வளவில் வேறொரு சிறு வீட்டுக்கு ஒதுங்குவது எமது வழக்கம். மாப்பிள்ளைதான் அங்கு வந்து சேர்பவர். எமது நூதனசாலையில் எழும் வீடு தாய்வழி வீடாக, பாய் இழைப்பவளின் பெயரால் அழைக்கப்படுவதாக இருக்க வேண்டும். கிடுகு வேலியும், கிணற்றடியும், உள்வீடும், வட்டாவும், படிக்கமும், சஹனும் அவளுடைய பொருட்கள்.

இரண்டாவது, யாரையெல்லாம் உள்ளே விடப்போகிறோம்? அக்கிரகாரத்துக்கும் குயவர் வீட்டுக்கும் இடையிலிருந்த தூரத்தைப் பற்றி மேலே எழுதினேன். எங்களுக்குள் அத்தகைய தூரம் இல்லையென்று நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல முடியுமா? எங்கள் எல்லோருக்கும் சுன்னத்துச் செய்துவிட்ட ஒஸ்தாமாரைப் பந்தியில் எங்கே இருத்தினோம்? அவர்களின் கத்தியும் பெட்டியும் எமது நூதனசாலையில் இடம்பெறுமா? றபானடித்துக்கொண்டு நோன்பு காலத்து நடுச்சாமங்களில் எங்களை எழுப்பிய பாவாமார் இடம்பெறுவார்களா? கொடியேற்றமும் கந்தூரியும் மௌலூதும் இன்று சிலருக்கு மார்க்கத்துக்குப் புறம்பானவை. அவர்களுடைய கருத்தை அவர்கள் வைத்திருக்கட்டும். ஆனால் ஒரு சமூகத்தின் நினைவிலிருந்து இன்னின்னதை வெட்டியெறிய வேண்டும் என்று தீர்ப்பளிப்பவர், தாம் விரும்பாமலே எமது கதவுகளைக் கழற்றியவர்களின் வேலையைத் தொடர்கிறார். ஒரு நூதனசாலை ஃபத்வா வழங்கும் இடமல்ல; இப்படி வாழ்ந்தோம் என்று சொல்லும் இடம்.

மூன்றாவது, கைவினைஞருக்கு என்ன கிடைக்கும்? முட்டுக்காட்டுக் குயவர் சொன்ன வார்த்தையை நாம் மறக்கக் கூடாது. பாய் இழைக்கும் ஒரு மூத்தம்மாவைக் கொண்டுவந்து இருத்தி, பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டிவிட்டு, கையில் ஓர் அன்பளிப்பைத் திணித்து அனுப்புவதாயின், அவரை வீட்டிலேயே இருக்க விடுவது மேல். ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளத்தை அவருக்கும் கொடுக்க வேண்டும்; அவர் செய்வதும் கற்பித்தல்தான். அவர் இழைத்த பாயை எமது பள்ளிவாசல்களே வாங்க வேண்டும். இறக்குமதிக் கம்பளம் விரிக்கின்ற பள்ளிவாசல்களில் ஒரு வரிசைக்காவது பன்பாய் விரிக்க நிர்வாகிகள் முன்வந்தால், எந்த நூதனசாலையும் செய்ய முடியாததை அது செய்யும்.

இதற்கெல்லாம் பெருந்தொகைப் பணமும் அரசியல்வாதியின் தயவும் வேண்டுமே என்று கேட்கலாம். கொக்கலவில் உள்ள மார்ட்டின் விக்கிரமசிங்க நாட்டாரியல் நூதனசாலை ஓர் எழுத்தாளரின் பிறந்த வீட்டைச் சுற்றியே உருவானது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் விமானத் தளத்துக்காகக் கொக்கலக் கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டபோது அழியாமல் தப்பிய வீடு அது. அவர் சேகரித்த பொருட்களும், கிராமத்து வாழ்வின் மீது அவர் கொண்டிருந்த அக்கறையுமே அதற்கு மூலதனம். எழுத்தாளர்களால் முடியாதது இதுவென்று சொல்ல எமக்கு நியாயமில்லை.

வீடு கட்ட எமது காலத்தில் முடியாமற் போகலாம். ஆனால் சொற்களைச் சேர்ப்பதற்குச் சல்லிக்காசு தேவையில்லை. இச்சஞ்சிகையின் வாசகர்கள் ஒவ்வொருவரும் தமது ஊரில் ஒரு கைப்பணியாளரைத் தேடிப் போகட்டும். அவருடைய கருவிகளுக்கு என்ன பெயர், எந்த மாதத்தில் எந்த வேலை, யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே நாலு பக்கம் எழுதட்டும். பன்னின் எந்தப் பருவம் பாய்க்கு ஏற்றது என்று சொல்லக்கூடிய பெண்கள் அக்கரைப்பற்றிலும் அட்டாளைச்சேனையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயது எழுபதுக்கு மேலாகிவிட்டது. அவர்களைப் பார்க்கப் போக விசாவும் வேண்டியதில்லை.